நாலு விரல் அகலம்

போட்டோக்காரர் கோமதிநாயகத்தின் கேமராவை அதைச் செய்த கம்பெனியே திரும்ப வாங்கிப் புதுப்பித்துக் கொடுத்த அந்த வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, வடகாவூரின் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்த போட்டோக்கள் இரண்டு பக்கமும் நாலு விரல் அகலம் வளர்ந்தன. பெரிய சத்தம் எதுவும் இல்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒன்று மேலத்தெருவில் தொடங்கி, கோயில் தெருவைச் சுற்றி, ரைஸ்மில் தெருவழியாக வந்து ஆற்றங்கரைத் தெருவில் முடிந்தது. கண்ணாடிகள் விரிசல் விட்டன, சட்டங்களின் மூலைகள் பிளந்தன, பீரோவுக்குள் இருந்த ஆல்பங்கள் வயிறு புடைத்துக் கதவைத் தள்ளின, கோமதிநாயகத்தின் ஸ்டுடியோவில் அடுக்கியிருந்த நெகட்டிவ்கள் உறைகளைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தன.

எல்லாப் படங்களும் வளரவில்லை. சாமி படங்கள் அப்படியே இருந்தன. செல்போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டவையும், திருநெல்வேலி ஸ்டுடியோக்களில் போய் எடுத்துக்கொண்டவையும் அசையவில்லை. இருபத்தேழு வருஷமாகக் கோமதிநாயகம் எடுத்த கல்யாணப் படங்களும், சடங்குப் படங்களும், பள்ளிக்கூடக் குரூப் படங்களும்தான் வளர்ந்தன. முதல்நாள் ஈரக்காற்று என்றார்கள், மணல் லாரி அதிர்ச்சி என்றார்கள். தச்சர் சுடலைமுத்துவிடம் மத்தியானத்துக்குள் பதினோரு வீட்டுக்காரர்கள் புதுச் சட்டம் கேட்டு வந்துவிட்டார்கள். அவர் காரணம் கேட்கவில்லை. அளவு மட்டும் கேட்டார்.

அந்த நாலு விரல் அகலத்தில் என்ன இருக்கிறது என்று ஊர் நிதானமாகப் பார்த்தது மறுநாள்தான். மாப்பிள்ளை பெண்ணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இதுவரை யாரும் பார்த்திராத ஆட்கள் நின்றார்கள். பந்தியில் இலை எடுப்பவர்கள், கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்ற வேலைக்காரிகள், கோபித்துக்கொண்டு போன மாமன்கள், கோபம் தீராமலே திரும்பி வந்து தூணோரம் நின்ற அதே மாமன்கள், நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், கால் சூம்பிப்போன ஒரு சித்தப்பா. எங்கள் வீட்டுப் படத்தில் ஒரு ஆட்டின் பின்பாதி மட்டும் வந்திருந்தது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் அதையும் சேர்த்தே சட்டம் போட்டாள்.

அந்தக் கேமராவுக்கு எங்கள் ஊரில் ரெட்டைக்கண்ணு என்று பேர். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கோமதிநாயகத்திடம் கொடுத்துவிட்டுப் போனது. முகப்பில் இரண்டு சின்னச் சன்னல்கள் இருக்கும். பின்னால் உள்ள துளையில் கண்ணை வைத்தால் எதிரே நிற்பவர் இரண்டு பேராகத் தெரிவார், ஒருவர் மேல் ஒருவர் நிழல் விழுந்ததுபோல. லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்து, இரண்டு பேரும் நெருங்கி ஒருவராகிற இடத்தில் நிறுத்தி அமுக்கினால் படம் துல்லியமாக விழும். அதே துளைக்குள் வெளிச்சக் கோடு போட்ட ஒரு கட்டமும் தெரியும். கட்டத்துக்குள் இருப்பது படத்தில் வரும். கட்டத்துக்கு வெளியே இருப்பதும் எடுக்கிறவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் படத்தில் வராது. இதைக் கோமதிநாயகம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றியதும் இல்லை.

அறுபது வயதில் ஒருநாள் அலமாரியிலிருந்து அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது, எவ்வளவு திருப்பினாலும் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேரவில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அனுப்புங்கள், எங்கள் கையால் செய்தது, நாங்களே புதுப்பித்துத் தருகிறோம் என்று பதில் வந்தது.

"இனிமே அதை வச்சு யாரை எடுக்கப் போறீக?" என்று கேட்டாள் அவர் மனைவி உலகம்மாள்.

"யாரையும் எடுக்க இல்ல. ரெண்டும் சேராம உள்ள கெடக்குன்னு நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு," என்றார்.

படங்கள் வளர்ந்து பத்தொன்பதாம் நாள் பார்சல் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். ஊர் நூலகர் அன்னத்தாய் அதை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். உங்கள் கேமராவின் இரண்டு உருவங்களும் இப்போது சேர்கின்றன. சோதித்துப் பார்த்ததில், அது பார்ப்பதைவிட அதன் கட்டம் குறுகலாக இருப்பதைக் கண்டோம். அது செய்தபோதே நேர்ந்த எங்கள் பிழை. ஆகவே இந்தக் கேமராவைப் பொறுத்தமட்டில் கட்டத்தை, தொடக்கத்திலிருந்தே, அகலப்படுத்தியிருக்கிறோம். பழையபடியே இருக்கட்டும் என்று தாங்கள் விரும்பினால், தொண்ணூறு நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள், குறுக்கித் தருகிறோம்.

"தொடக்கத்திலிருந்தே" என்ற சொல்லை அன்னத்தாய் இரண்டு தடவை படித்தாள். பிறகு தலையைத் தூக்கி நூலகச் சுவரில் தொங்கிய திறப்புவிழாப் படத்தைப் பார்த்தாள். கோமதிநாயகமும் பார்த்தார். அதன் வலது ஓரத்தில், கட்டடத்தைக் கட்டிய கொத்தனார்களும் சித்தாள்களும் பதினான்கு பேர், கையில் சாந்து காயாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்படித்தான் காரணம் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. எல்லோருக்கும் அவரவர் வீட்டு ஓரங்களைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. சிலர் வளர்ந்த பகுதியைக் கத்தரித்தார்கள். காலையில் அது நகம்போல வளர்ந்திருந்தது. சிலர் கறுப்புத் தாள் ஒட்டினார்கள், சிலர் கேலண்டரை இழுத்து மாட்டினார்கள். இன்னும் சிலர், சமையல் முடிந்த ஓய்வில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் தெரியாத அந்த முகங்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கிளம்பியவள் மாடத்தி. அவள் புருஷன் பேச்சிமுத்து ஊரில் பந்தல் போடுகிறவராக இருந்து, செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் படம் என்று அவளிடம் ஒன்றும் கிடையாது. வாக்காளர் அட்டையில் இருந்ததும் யார் என்றே தெரியாத ஒரு கறுப்புக் கறை. பந்தல்காரர் என்பதால் எல்லாக் கல்யாணத்திலும் பந்தல்கால் ஒன்றின் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் ஊரில் பத்தொன்பது வீட்டுப் படங்களின் ஓரத்தில் அவர் வந்திருந்தார்.

கல்யாண வருஷங்களை விசாரித்துக்கொண்டு, அந்த வரிசைப்படியே, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடாகப் போனாள். முதல் வீடு கோயில் தெருவில். அந்தத் தெரு வீடுகளில் அவள் வாசலைத் தாண்டியதில்லை. படத்தை வெளியே கொண்டுவந்து காட்டலாம் என்று அந்த வீட்டம்மாள் உள்ளே போனாள், போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"பெரிய சட்டம்னு சுடலைமுத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டுப் போயிட்டான், கழட்ட வராது," என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். "சரி, உள்ள வா."

மாடத்தி உள்ளே போனாள். பேச்சிமுத்துவுக்கு மீசை இல்லை, தலைப்பாகைக்கு அடியில் காது துருத்திக்கொண்டிருந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருஷம் அது. "இவரை எனக்குத் தெரியாதே," என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது வீட்டில் மீசை வந்துவிட்டது. நாலாவது வீட்டில் போட்டிருந்த சட்டை அவள் தைக்கக் கொடுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஒரு வயது, இரண்டு வயது கூடிக்கொண்டே வந்தார். அவளைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல், இருக்கிற நல்ல துணியைக் கட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்க்க, அண்ணனைப் பார்க்க, தன்னையே சின்ன வயதில் பார்க்க, ஊரின் இந்தப் பாதி அந்தப் பாதியின் வீடுகளுக்குள் போய்வந்தது. போகிறவர்களுக்கு இரண்டாவது வாரம் தண்ணீர் கொடுத்தார்கள், மூன்றாவது வாரம் காப்பி கொடுத்தார்கள். எந்த டம்ளரில் கொடுப்பது என்பதில் சில வீடுகளில் சண்டை நடந்தது. சண்டை முடிவதற்குள் காப்பி ஆறிப்போனதால், கையில் கிடைத்த டம்ளரில் கொடுக்கப் பழகினார்கள்.

ஆறாவது வீடு ரைஸ்மில் ஆறுமுகப்பெருமாள் வீடு. அவருடைய கல்யாணப் படத்தின் இடது ஓரத்தில் ஒரு பெரிய கேலண்டர் தொங்கியது. வலது ஓரத்தில் பேச்சிமுத்து. படத்தில் அத்தனை பேரும் கேமராவைப் பார்த்திருக்க, அவர் மட்டும் கேமராவைப் பார்க்காமல், கூட்டத்தைத் தாண்டி எதிர் ஓரத்தை, கேலண்டர் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எதைப் பார்க்கிறார் என்று மாடத்தி கேலண்டரைத் தூக்கினாள். பக்கத்துச் சாய்வு நாற்காலியில் ஆறுமுகப்பெருமாளின் அம்மா பூரணத்தம்மா உட்கார்ந்திருந்தாள்.

கேலண்டருக்கு அடியில் ஆறுமுகப்பெருமாளின் தம்பி குமரேசன் இருந்தான். மில்லைப் பங்கு வைப்பதில் அண்ணனோடு மனஸ்தாபப்பட்டு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தியே சொல்லாமல் பம்பாய் போய்விட்டான் என்று ஊர் கேள்விப்பட்டிருந்த தம்பி. புதுப் பட்டுச் சட்டை போட்டிருந்தான், அதன் பை கிழிந்து தொங்கியது. மில் ஆட்கள் இரண்டு பேர் அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை இதச் சொன்னதில்ல அந்த மனுசன்," என்றாள் மாடத்தி, புருஷனைப் பார்த்து.

பூரணத்தம்மா எழுந்து வந்து படத்தில் கையை வைத்தாள். கல்யாணத்துக்குக்கூட வராத பிள்ளை என்று முப்பத்துமூன்று வருஷம் அவன் பேரையே எடுக்காமல் இருந்தவள்.

"வந்திருக்கான்," என்றாள். பிறகு திரும்பி, அப்போதுதான் உள்ளே வந்த மூத்த மகனிடமும் அதையே சொன்னாள். "வந்திருக்கான்ல, பெருமாளு. புதுச் சட்ட போட்டுட்டு வந்திருக்கான்."

அன்றிலிருந்து அவள் மூத்த மகன் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறுமுகப்பெருமாள் ஸ்டுடியோவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கேமராவை அனுப்பிச்சிருங்க. கம்பெனிக்காரனே குறுக்கித் தாறேன்னு சொல்லுதாம்லா. புதன்கிழமை ஊர்க்கூட்டம் வச்சிருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எனக்கும் அதுதான் சரின்னு படுது," என்றார் கோமதிநாயகம்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஆறுமுகப்பெருமாள் இல்லை. படங்கள் வளர்ந்த அன்றே கோமதிநாயகம் தன் வீட்டுச் சுவரில் இருந்த தன் கல்யாணப் படத்தைக் கழற்றி, யாரும் பார்க்குமுன் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அதில் அவருடைய அக்கா சண்முகவடிவு இருந்தாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவள், இன்றைக்கும் அதே வீட்டில் பின்கட்டு அறையில் இருப்பவள். அவளுக்கு அந்தப் படத்தைக் காட்டுகிற தைரியம் அவருக்கு இல்லை. குறுக்கிவிட்டால் மறுபடி மாட்டிவிடலாம் என்று நினைத்தார்.

அன்று மத்தியானம் அவர் கேமராவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது சண்முகவடிவு வந்து நின்றாள்.

"ஊர்ல எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போய்ப் பாக்குதாவ. நம்ம வீட்டுப் படம் எங்கடா?"

"கண்ணாடி உடைஞ்சிருக்குக்கா."

"நான் கண்ணாடியக் கேக்கல."

அவர் பீரோவை நகர்த்தி எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சன்னலோரம் கொண்டுபோய், கட்டில்மேல் சாய்த்துவைத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். மணமேடையில் தம்பியும் உலகம்மாளும். அவர்களுக்கு நாலடி தள்ளி, பந்தல் கூரை முடிகிற இடத்தில், வெட்டவெளி வெயிலில், வெள்ளைச் சேலையோடு இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. கையில் ஒரு சொம்பு. எதையோ யாரோ கேட்பார்கள், எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நிற்கிற மாதிரி நின்றாள்.

"கழுத்து எவ்வளவு நீளமா இருந்திருக்கு எனக்கு," என்றாள்.

கோமதிநாயகம் அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தார். உச்சி வெயில் அவள் சேலையில் விழுந்து, அங்கிருந்து பந்தலுக்குள் திரும்பி, உலகம்மாளின் கன்னத்தில் பால்போலப் படிந்திருந்தது. அந்தப் படத்தில் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஊர்களிலிருந்தெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். எப்படி அந்த வெளிச்சம் வந்தது என்று கேட்பவர்களிடம், கை வாகு என்று சொல்லி வந்திருக்கிறார். இப்போது அதை அவர் அக்காவிடம் சொன்னார்.

அவளுக்கு வெளிச்சம் முக்கியமாகப் படவில்லை.

"இத அமுக்குனது ஒன் சிநேகிதன். ஆனா வளையத்தத் திருப்பி, பாத்து வச்சுக் கொடுத்தது நீதான?"

"ஆமாக்கா."

"நாலடி தள்ளி நில்லுன்னு சொன்னதும் நீதான்."

"பெரியவங்க சொன்னாங்க. நான் ஒங்கிட்ட சொன்னேன்."

"நான் தள்ளி நின்னதுக்கு அப்புறம், அந்தத் தொளையில பாத்தியே, அப்ப நான் தெரிஞ்சனா?"

ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது. இருபத்தேழு வருஷத்துக் கல்யாணங்களும் அவர் கண்முன் வந்துபோயின. குமரேசனின் கிழிந்த பையை அவர் பார்த்திருக்கிறார். கொத்தனார்களைப் பார்த்திருக்கிறார். பேச்சிமுத்துவைப் பத்தொன்பது தடவை பார்த்திருக்கிறார்.

"நீ தெரிஞ்சேக்கா," என்றார்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "சரி," என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். அன்றும் மறுநாளும் அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

புதன்கிழமை காலை பத்துமணிக்கு அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. அதுவரை ஊர்க்கூட்டத்துக்கு வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள், மாடத்தி முன்வரிசையிலேயே இருந்தாள். ஆறுமுகப்பெருமாள் எழுந்து, ஊர் நன்மைக்காகவும் குடும்பங்களின் நிம்மதிக்காகவும் என்று ஆரம்பித்தார். பாதியில் அந்தப் பேச்சு அவருக்கே அலுத்துப்போனது.

"எங்கம்மா மூணு நாளா என் கையால சாப்பிடல," என்றார். "படம் சுருங்குனாச் சாப்பிடுவா. அதான் கேக்கேன். வேற ஒண்ணுமில்ல."

கூட்டம் கோமதிநாயகத்தைப் பார்த்தது. அவர் சரி என்று சொல்லத்தான் வந்திருந்தார். பெட்டியும் கையில் இருந்தது.

"கம்பெனிக்காரன் தன் பிழைன்னு எழுதியிருக்கான்," என்றார். "அவன் பிழை இல்ல. அந்தத் தொளையில எல்லாரும் தெரிஞ்சாங்க. கட்டத்துக்கு வெளிய நின்னவங்க அத்தன பேரும் எனக்குத் தெரிஞ்சாங்க. பெருமாளு, ஒங்க தம்பியையும் நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அமுக்குனேன். அன்னிக்கே ஒங்கம்மாட்ட போய்ச் சொல்லியிருக்கணும். படத்தச் சுருக்கலாம். நான் பாத்தத என்ன செய்ய? மன்னிச்சிருங்க. நான் அனுப்பல."

பிறகு மாடத்தி உட்கார்ந்தபடியே, "எனக்கு இன்னும் பதிமூணு வீடு பாக்கி கெடக்கு ஐயா," என்றாள். அதோடு கூட்டம் முடிந்தது.

ஆறுமுகப்பெருமாள் வீட்டுக்குப் போய்க் கேலண்டரைக் கழற்றினார் என்றும், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார் என்றும், அவள் சோற்றுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள் என்றும் அந்த வீட்டில் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். தை மாதம் அவர் தம்பியைத் தேடிப் பம்பாய் போனார். தனியாகத் திரும்பி வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை இப்போதும் போகிறார். தொண்ணூறு நாள் கெடு பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், யாரும் எண்ணாமலே கடந்துபோனது. மாடத்தி பத்தொன்பதாவது வீட்டுக்குப் போனது சித்திரையில். அங்கே பேச்சிமுத்துவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் அன்று காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்காமல், பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

கோமதிநாயகம் கேமராவில் புது ஃபிலிம் போட்டுக்கொண்டு அக்காவிடம் போனார். சிவப்புக் கரை போட்ட பச்சைச் சேலை ஒன்றும் எடுத்துப்போனார்.

"உக்காருக்கா. ஒன்ன மட்டும் ஒண்ணு எடுக்கேன்."

"எனக்கு உளுந்து ஊறப் போட்டிருக்கு," என்றாள் சண்முகவடிவு. "அறுபத்தஞ்சு வயசுல என் மூஞ்சிய எடுத்து நீ மனச ஆத்திக்கிடணுமாக்கும். அதெல்லாம் வேண்டாம். எனக்கு ஒரு படம் இருக்கு, அதக் குடு."

அவர் கொடுத்தார். சுடலைமுத்து வந்து தேக்குச் சட்டம் போட்டு, அவளுடைய பின்கட்டு அறையில் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனார். பச்சைச் சேலையையும் அவள் வாங்கிக்கொண்டாள், சாதாரண நாளில் கட்டிக்கொள்வதற்கு.

இப்போது கோமதிநாயகத்துக்கோ உலகம்மாளுக்கோ தங்கள் கல்யாணப் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த அறைக் கதவைத் தட்டித்தான் போக வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போயிருந்தோம். சண்முகவடிவு எங்களுக்குக் காப்பி கொடுத்து, கட்டிலில் உட்காரவைத்து, படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஓரத்தில் சொம்போடு நிற்கிற பெண்மேல் விரலை வைத்து, "இது நான்," என்றாள். நாங்கள் நன்றாகப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு நடுவில் மாலையும் கழுத்துமாக இருந்த இரண்டு பேரையும் பொதுவாகக் கையால் காட்டினாள்.

"எனக்கு ஒரு நாலடி தள்ளி நிக்குதாவல்லா, அது என் தம்பியும் அவன் பொஞ்சாதியும்."